கொய்யா சுடும் பெங்களூரு

பெங்களூரில் ஜூன் என்றால் பழ மாதம். சீனிவாசபுரத்து மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்குகிறது. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் நடைபாதையில் நாவல்பழம் கூறு கட்டிக் கிடக்கிறது. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த பிளம்ஸ், பீச் எல்லாம் ரஸல் மார்க்கெட் கூடைகளில் நிறைந்திருக்கின்றன. கொய்யாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவித் தரும் தள்ளுவண்டி ஏறக்குறைய வருஷம் முழுக்க நிற்கிறது.

இத்தனை பழத்துக்கும் நடுவே ஒன்றையும் தொடாமல் கடந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர், அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. பேக்கரிக்குப் பேர்போன பெங்களூரில் மாலை ஐந்து மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் வெண்ணெயும் சர்க்கரையும் சூடாகும் வாசனை வரும். அந்த வாசனையை முகர்ந்துவிட்டு மாத்திரை டப்பாவை நினைத்துக்கொள்ளும் வீடுகளில்தான் சில வருஷங்களாக ஒரு புதுப் பழக்கம் வேர்விட்டிருக்கிறது. மைதா இல்லாமல், சர்க்கரை இல்லாமல், பழத்தை ஓவனில் சுட்டுத் தின்பது.

பழத்தைச் சமைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1809-ல் கன்டோன்மென்ட் அமைந்தபோது படையோடு சேர்ந்து மதராஸ் பக்கத்துத் தமிழர்களும் வந்தார்கள். அல்சூரும் சிவாஜிநகரும் இன்றும் தமிழ் பேசுவது அதனால்தான். வெள்ளைக்காரர் வீட்டு அடுப்படிகளிலும், பிறகு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும் வேலை பார்த்த சமையல்காரர்களுக்கு, பழத்தைப் பாகில் வேகவைத்துக் கஸ்டர்டு ஊற்றும் கை வந்தது. கொய்யாவைக் கிளறி வில்லை போடும் கையும் வந்தது. பழத்தைச் சுட்டுச் செய்யும் க்ரம்பிள் என்கிற பண்டம் வந்த வழியையும் கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் ரேஷனாகிவிட்ட பிரிட்டனில், பை செய்ய மாவு போதாமல், பழத்தின் மேல் கொஞ்சம் மாவு உதிர்த்துப் போட்டுச் சுட்டதில்தான் அது பரவியது என்பார்கள். இல்லாமையைச் சமாளிக்கப் பரவிய பண்டம் என்பதால் மாவையும் சர்க்கரையும் இன்னும் குறைத்தாலும் கோபித்துக்கொள்வதில்லை. கேக்கில் மைதாவை எடுத்தால் கேக் விழுந்துவிடும். க்ரம்பிளில் விழுவதற்கு ஒன்றுமில்லை.

முதல் வேலை பழத்தைத் தேர்ந்தெடுப்பது. பாதி வெற்றி அங்கேயே இருக்கிறது. பலரும் கோட்டை விடுவதும் அங்கேதான். லோ கார்ப், அதாவது மாவுச்சத்துக் குறைவு, என்றதும் வெளிநாட்டு ப்ளூபெர்ரி டப்பாவைத் தேடி ஓட வேண்டியதில்லை. நூறு கிராம் கொய்யாவில் மாவுச்சத்து 14 கிராம். அதில் 5 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. ஆப்பிளிலும் 14 கிராம்தான், ஆனால் நார் அதில் பாதிகூட இல்லை. மாம்பழத்தில் 15 கிராம், நார் இரண்டு கிராமுக்கும் கீழே. வாழைப்பழம் 23. பீச் சுமார் 10, பிளம்ஸ் 11. மஹாபலேஷ்வரிலிருந்து குளிர்காலத்தில் வரும் ஸ்ட்ராபெர்ரி எட்டுக்கும் கீழே. கொய்யாவை அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், ஆனால் மணம் தெருவுக்கே வீசக்கூடாது. செங்காயும் கனியும் கலந்த அந்தப் பக்குவத்தில்தான் சூட்டில் துண்டு துண்டாக நிற்கும். உள்ளே சிவப்பாக இருக்கும் ரகம் கிடைத்தால் நிறமும் அள்ளும். நாவல்பழத்தைக் கொட்டை நீக்கி ஒரு கைப்பிடி சேர்த்தால் துவர்ப்பும் கருநீலமும் கூடும். ஆனால் நாவல் சர்க்கரையை விரட்டும் என்று நம்பிக் கூடையைக் காலி செய்கிறவர்கள், அதிலும் நூறு கிராமுக்குச் சுமார் 15 கிராம் மாவுச்சத்து இருப்பதை நினைவில் வைக்க வேண்டும். தேவனஹள்ளி சக்கோத்தாவைச் சுடாதீர்கள், கசந்துவிடும். சுட்டு ஆறியதன் மேல் அதன் சுளையை உதிர்த்துப் போட்டால் அமிர்தம்.

இனி கொய்யா க்ரம்பிள் செய்முறை. ஆறு பேருக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கொய்யா. விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்தெடுத்துவிட்டால் சதை 300 கிராம் தேறும். தோலைச் சீவ வேண்டாம். ஒரு ஸ்பூன் நெய்யில் துண்டுகளைப் போட்டு, பட்டைத்தூள், துளி சுக்குத்தூள், அரை எலுமிச்சைச் சாறு, சிட்டிகை உப்பு சேர்த்து, தண்ணீர் வற்றும்வரை வதக்குங்கள். இந்த வதக்கலைத் தவிர்க்க முடியாது. வழக்கமான க்ரம்பிளில் பழச்சாற்றைச் சர்க்கரையும் மாவும் சேர்ந்து கூழாக்கும். இங்கே இரண்டும் இல்லை, சாறு அடியில் குளமாக நிற்கும். ஒரு டீஸ்பூன் சியா விதை தூவினால் மிச்சச் சாற்றையும் அது இழுத்துக்கொள்ளும். சியா இப்போது மைசூரு பக்கத்திலேயே விளைகிறது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதையும் மறக்கக்கூடாது. இங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், பழம் மெத்தென்று வேகச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். சென்னை உறவுக்காரர் சொன்ன நிமிடக் கணக்கை அப்படியே பின்பற்றாமல், கத்தி முனையால் குத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மேலே தூவ: பாதாம் 100 கிராம், சர்க்கரை சேராத உலர்ந்த தேங்காய்த் துருவல் 30 கிராம், வால்நட் 20 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம். பாதாமைக் கடையில் மாவாக வாங்கினால் விலை கையைச் சுடும். முழுப் பாதாமை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, மிக்ஸியில் விட்டு விட்டுத் திருப்பினால் போதும். தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் கக்கிப் பசையாகிவிடும். வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்துக் கலந்து பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மைதாவின் பசை இல்லாததால் இந்த உதிரி தானாகக் கட்டிக்கொள்ளாது. முட்டை சேர்ப்பவர்கள் ஒரு வெள்ளைக்கருவைச் சேர்க்கலாம். சேர்க்காதவர்களுக்கு அரை டீஸ்பூன் இசப்கோல் கைகொடுக்கும். வதக்கிய பழத்தின் மேல் பரப்பி, ஓடிஜி ஓவனில் 160 டிகிரி, இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். பாதாம் மைதாவைவிடச் சீக்கிரம் கருகும். பதினைந்தாவது நிமிடத்தில் எட்டிப் பார்த்து, நிறம் ஏறிவிட்டால் மேலே ஃபாயில் மூடுங்கள். எடுத்த உடனே தொட்டால் நமுத்ததுபோல்தான் இருக்கும். இருபது நிமிடம் ஆறட்டும், மொறுமொறுப்பு ஆறும்போதுதான் வரும்.

கணக்குக்கு வருவோம். 300 கிராம் கொய்யாச் சதையில் 43 கிராம் மாவுச்சத்து, பாதாமில் சுமார் 21, தேங்காயிலும் வால்நட்டிலும் சேர்த்துப் பத்து. மொத்தம் 75-க்குள் அடங்குகிறது, அதில் ஏறக்குறைய பாதி நார். ஆறாகப் பிரித்தால் ஆளுக்குப் பன்னிரண்டு கிராம். நாரைக் கழித்தால் ஆறு, ஏழு. அரைக் கிலோ ஆப்பிள், 150 கிராம் மைதா, 100 கிராம் சர்க்கரை போட்டுச் செய்யும் வழக்கமான க்ரம்பிளில் இதே ஒரு கிண்ணத்துக்கு 45 கிராமுக்கு மேல் வரும். கலோரி மட்டும் குறையாது. பாதாமும் வெண்ணெயும் சேர்ந்து ஒரு கிண்ணம் 250 கலோரியைத் தொடும். அதனால் ஒரு கிண்ணத்தோடு நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம் வீட்டிலேயே செய்யுங்கள் என்று வற்புறுத்துவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் வெள்ளிக்கிழமை தோறும் வரும் விற்பனைப் பட்டியல்தான் அது. 'ரிஃபைன்ட் சுகர் இல்லை. வெல்லம் மட்டும்.' 'பேரீச்சை இனிப்பு மட்டும், அப்பா அம்மாவுக்கு ஏற்றது.' படித்ததும் மனசு குளிர்ந்துவிடுகிறது. சர்க்கரை 300-ஐத் தொட்ட மாமனாருக்கு மருமகள் ஆசை ஆசையாக ஆர்டர் போடுகிறாள்.

வெல்லம் பெரும்பாலும் சர்க்கரைதான். மண்டியாவில் காய்ச்சினாலும், வேறெங்கே காய்ச்சினாலும், கரும்புச்சாற்றைச் சுண்ட வைத்த சுக்ரோஸ். கொஞ்சம் தாது, கொஞ்சம் மணம், மற்றபடி ரத்தத்தில் போய்ச் செய்கிற வேலை ஒன்றே. நூறு கிராம் தேனில் 82 கிராம் மாவுச்சத்து, பேரீச்சையில் 75. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 கிராம் பேரீச்சை, 200 கிராம் கோதுமை மாவு போட்டு ஒரு கேக் செய்து பத்துத் துண்டு போட்டால், துண்டுக்கு சுமார் 33 கிராம் மாவுச்சத்து. 200 கிராம் மைதாவும் 150 கிராம் வெள்ளைச் சர்க்கரையும் போட்டுச் செய்த கேக்கில் துண்டுக்கு 30 கிராம். ஆரோக்கியம் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியதில் மாவுச்சத்து மூன்று கிராம் அதிகம். பேரீச்சையில் நார் உண்டு, உண்மைதான். அந்த நாரைக் கழித்தாலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

2018-ல் வந்த உணவு விளம்பர விதிகளில் இப்படிப்பட்ட வாசகங்களுக்கு வரையறை இருக்கிறது. 'சுகர் ஃப்ரீ' என்று போட நூறு கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது. 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட்டால் தேனும் கூடாது, சர்க்கரைக்குப் பதிலாக உலர்பழ விழுதும் கூடாது. ஆனால் 'ரிஃபைன்ட் சுகர் இல்லை' என்ற சொற்கள் இந்த வரையறைக்குள் அகப்படாமல் நழுவிவிடுகின்றன. விற்கிற பெண்கள் யாரையும் ஏமாற்ற நினைப்பவர்கள் அல்லர். பெரும்பாலும் தாங்களே நம்பித்தான் செய்கிறார்கள், தங்கள் குழந்தைக்கும் அதையே ஊட்டுகிறார்கள். எனக்குப் பயம் தருவதும் அந்த நம்பிக்கைதான். சர்க்கரை என்று தெரிந்து தின்கிறவர் ஒரு துண்டோடு கை கழுவுவார். ஆரோக்கியம் என்று நம்பித் தின்கிறவர் மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டுவார். ராகியிலும் கம்பிலும் செய்தது என்றால் இன்னும் தைரியம் வந்துவிடுகிறது. இந்தியர்களின் சாப்பாட்டில் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025-ல் வெளியான ஆய்வு சொன்னது. அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமையோ சிறுதானியமோ வைத்தால் மட்டும் போதாது, மொத்த அளவு குறைந்தால்தான் பலன் என்பதையும் அதுவே காட்டியது.

பழத்தைச் சுடாமல் அப்படியே கடித்துத் தின்பதுதான் மேல், இனிப்புப் பண்டம் எதற்கு என்று கேட்கிற உணவியல் நிபுணர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இனிப்பூட்டிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எரித்ரிட்டால் பொடி ஒரு மேசைக்கரண்டி போட்டால் மேலே தூவும் உதிரிக்கு இனிப்பு ஏறும். ஆனால் அது சர்க்கரைபோல் பொன்னிறமாகாது. ஆறியபின் நாக்கில் ஒரு குளிர்ச்சி தட்டும். அதிகம் போட்டால் பற்களில் கரகரக்கும். ரத்தத்தில் அதன் அளவு கூடியிருப்பவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதாக 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. அதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. இருந்தாலும் இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்பது நல்லது. கடைகளில் விற்கும் 'டயபெட்டிக்' இனிப்புகளில் பெரும்பாலும் இருப்பது மால்டிட்டால். அது ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், அளவு மீறினால் வயிற்றையும் கலக்கும். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் சைலிட்டால் பக்கமே போக வேண்டாம், நாய்க்கு அது விஷம். என் யோசனை, கொய்யா சுடும்போது எந்தப் பொடியும் சேர்க்காதீர்கள். உப்பும் பட்டையும் எலுமிச்சையும் இருந்தால் பழத்தின் இனிப்பு தானே மேலே வந்துவிடும். இரண்டு மூன்று வாரம் இப்படிச் சாப்பிட்டால் பேக்கரி கேக் திகட்டத் தொடங்கும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் ஒரு பழத்தை மட்டும் ஓவனுக்கும் தட்டுக்கும் கொண்டுவர வேண்டாம். ஐந்து மூலை நட்சத்திரமாக வெட்டுப்படும் நட்சத்திரப் பழம். நூறு கிராமுக்கு மாவுச்சத்து ஏழு கிராம்தான் என்பதால் லோ கார்ப் பட்டியல்களில் அது முதலில் வந்து நிற்கும். ஆனால் பழுதடைந்த சிறுநீரகத்தால் அதிலுள்ள நச்சை வெளியேற்ற முடியாது. விக்கலில் தொடங்கி வலிப்புவரை போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் அடிக்கடி ஒரே உடம்பில் குடியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அப்படிப்பட்டவர்களுக்குப் பாதாமின் அளவையும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக இதைச் சாப்பிடக்கூடாது, சர்க்கரை தாழ்ந்துவிடும். சாப்பாட்டை அளவோடு முடித்து அதன் பின் ஒரு சின்னக் கிண்ணம், இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு. அந்த எண்ணைப் பழத்தின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதிவைத்தால், பிளம்ஸ் ஒத்துக்கொள்கிறதா, பீச் ஒத்துக்கொள்கிறதா என்பது அந்தந்த உடம்பிலிருந்தே தெரிந்துவிடும். மிச்சமிருந்தால் ஃப்ரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். மறுநாள் மைக்ரோவேவில் சூடாக்காமல் ஓடிஜியில் ஐந்து நிமிடம் வையுங்கள், இல்லையென்றால் பாதாம் உதிரி சதசதவென்று ஆகிவிடும்.