பக்கத்து வீட்டு நெட் ஃபிளாண்டர்ஸ்

1989 டிசம்பர் 17. அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'தி சிம்ப்சன்ஸ்' அரை மணி நேரத் தொடராகத் தொடங்கிய நாள். முதல் எபிசோடே கிறிஸ்துமஸ் கதை. அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமர் சிம்ப்சன் தன் வீட்டுக்கு அரைகுறையாகச் சீரியல் விளக்கு மாட்டுகிறார். பக்கத்து வீடோ கண்ணைப் பறிக்கும்படி ஜொலிக்கிறது. அந்த வீட்டுக்காரர் நெட் ஃபிளாண்டர்ஸ். பச்சை ஸ்வெட்டர், மூக்குக் கண்ணாடி, தடித்த மீசை, எப்போதும் சிரித்த முகம். ஹோமரின் வயிற்றெரிச்சலுக்கு ஓர் ஆள் வேண்டும். அதற்காகப் பிறந்தவர் அவர்.

நான் தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுதுகிறவள். துணைப் பாத்திரம் ஒன்று எப்படி வளர்கிறது, எப்படித் தேய்கிறது என்று கேட்கும் இளையவர்களிடம் ஃபிளாண்டர்ஸைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். 750 எபிசோடுகளைத் தாண்டி இன்னும் ஓடும் தொடர் அது. ஒரு பாத்திரத்துக்கு நேரக்கூடிய நல்லது கெட்டது அத்தனையும் அவருக்கு நேர்ந்திருக்கிறது.

தொடரைப் படைத்த மேட் க்ரேனிங், தான் வளர்ந்த போர்ட்லண்ட் நகரத்துத் தெரு ஒன்றின் பெயரைத்தான் இவருக்கு வைத்தார். குரல் கொடுத்தவர் ஹாரி ஷியரர். கொடுமைக்கார முதலாளி பர்ன்ஸுக்கும் அவர்தான் குரல். ஆனால் ஃபிளாண்டர்ஸுக்கு அவர் கொடுத்த குரலில் அப்படியொரு கனிவு இருந்தது. அந்தக் கனிவைக் கேட்ட பிறகுதான் எழுத்தாளர்கள் அவரை நல்ல மனிதராக, பக்தியுள்ள கிறிஸ்தவராக வளர்த்தார்கள். நடிகரின் குரல் எழுத்தை இழுத்துக்கொண்டு போவது எங்கள் தொழிலில் எல்லாரும் அறிந்தது.

தொடக்க ஆண்டுகளின் ஃபிளாண்டர்ஸ் முழு மனிதர். 1990-ல் வந்த ஓர் எபிசோடில் ஹோமரை வீட்டுக்கு அழைத்து பீர் ஊற்றிக் கொடுக்கிறார். பொறாமையில் ஹோமர் கத்த, கோபம் வந்து வெளியே அனுப்பிவிடுகிறார். அன்றிரவே மனம் கேளாமல் மன்னிப்புக் கடிதம் எழுதுகிறார். அடுத்த ஆண்டு, இடதுகைப் பழக்கமுள்ளவர்களுக்கென்றே 'லெஃப்டோரியம்' என்ற கடையைத் திறந்து, வியாபாரம் படுத்துக் கடனில் மூழ்குகிறார். 1992-ல் வந்த 'ஹோமர் தி ஹெரெடிக்' எபிசோடில், சர்ச்சுக்கு வரமாட்டேன் என்று வீட்டில் தங்கிய ஹோமரைத் தீ சூழ்கிறது. உயிரைப் பணயம் வைத்து உள்ளே புகுந்து இழுத்து வருபவர் இதே ஃபிளாண்டர்ஸ். பக்தி அவருக்கு ஒரு குணம். அதோடு கோபம், தொழில் ஆசை, கடன், துணிச்சல் எல்லாமே இருந்தன.

பிறகு மெல்ல மெல்ல பக்தி மட்டும் பெருத்தது. எதைச் சொன்னாலும் பைபிள், யார் எது செய்தாலும் பாவம் என்று ஆனார். 2006-ல் வந்த ஓர் எபிசோடில், அருங்காட்சியகத்தில் பரிணாமக் கொள்கையைப் பார்த்துப் பதறி, பள்ளிப் பாடத்தையே மாற்றக் கிளம்புகிறார். எரியும் வீட்டுக்குள் ஓடியவரை இதில் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரே குணம் பெருத்துப் பாத்திரத்தையே விழுங்கிவிடும் இந்த நோய்க்கு ரசிகர்கள் இவருடைய பெயரையே வைத்துவிட்டார்கள்.

இது ஏன் நடக்கிறது? துணைப் பாத்திரத்துக்கு ஓர் எபிசோடில் கிடைப்பது சில விநாடிகள். அதற்குள் சிரிப்பு வரவேண்டும். பழகிய குணத்தைத் தொட்டால் சிரிப்பு உடனே வரும். பழைய எழுத்தாளர்கள் விலகிப் புதியவர்கள் வருவார்கள். அவர்கள் கையில் இருப்பது அந்தச் சிரிப்பு மட்டும்தான். நான் பணியாற்றிய தொடர் ஒன்றில் பழமொழி சொல்லும் தாய்மாமா ஒருவர் இருந்தார். கடன், நெஞ்சுவலி, கல்யாணமாகாத மகள் என்று அவருக்கென்று ஒரு வாழ்க்கை இருந்தது. பழமொழிக்கு வரவேற்பு வந்ததும் ஸீனுக்கு ஒன்று கேட்டார்கள். கடைசியில் மாமா போய்ப் பழமொழி மிஞ்சியது.

ஃபிளாண்டர்ஸ் அப்படி முழுக்கத் தொலையவில்லை. 1996 டிசம்பரில் வந்த 'ஹரிகேன் நெட்டி' எபிசோடில் புயல் அவர் வீட்டை மட்டும் தரைமட்டமாக்குகிறது. ஊர்க்காரர்கள் ஏனோதானோவென்று கட்டித் தந்த வீடும் சரிகிறது. அடக்கி வைத்த கோபம் வெடித்து ஊரையே திட்டித் தீர்க்கிறார். தாமே போய் மனநல மருத்துவமனையில் சேர்கிறார். அவர் பேச்சுக்கு நடுவே ஓயாமல் நுழைக்கும் 'டிட்லி டிட்லி', சிறுவயதில் கொடுத்த விபரீத சிகிச்சையால் கோபத்தைக் காட்டத் தெரியாமல் போனவரின் உளறல் என்று அங்கேதான் தெரிகிறது. அதுவரை சிரிக்க வைத்த பேச்சுக்குப் பின்னால் ஒரு காயத்தை வைத்தார்கள். எழுத்து என்றால் அதுதான்.

அடுத்த காயம் வெளியுலகத்திலிருந்து வந்தது. ஃபிளாண்டர்ஸின் மனைவி மாட் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த மேகி ராஸ்வெல் சம்பளத் தகராறில் 1999-ல் விலகினார். நம் தொடர்களில் இப்படி நேர்ந்தால் 'இவருக்குப் பதில் இவர்' என்று போட்டுவிட்டு நகர்வோம். அங்கேயும் கொஞ்ச நாள் வேறொருவர் பேசினார். பிறகு 2000 பிப்ரவரியில் அந்த மனைவி பாத்திரத்தைச் சாகடித்தார்கள். கடவுளிடம் கோபித்துக்கொண்டு, தனியாக இரண்டு மகன்களை வளர்க்கும் தகப்பனாக ஃபிளாண்டர்ஸ் நின்றார். பின்னாளில் பள்ளி ஆசிரியை எட்னாவோடு அவரைச் சேர்த்து வைக்கலாமா என்று 2011-ல் ரசிகர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். சேர்த்து வைக்கச் சொன்னார்கள், கல்யாணமும் நடந்தது. 2013 அக்டோபரில் எட்னாவின் குரலான மார்ஷியா வாலஸ் இறந்தார். இம்முறை 'பதில் இவர்' கிடையாது. எட்னாவும் போனார், ஃபிளாண்டர்ஸ் இரண்டாம் முறை மனைவியை இழந்தார்.

2018-ல் கடையும் மூடப்பட, எட்னா பாடம் நடத்திய பள்ளியிலேயே ஆசிரியராகச் சேர்ந்தார். வயது ஏறாத கார்ட்டூன் உலகத்தில், தொழிலும் குடும்பமும் மாறி, துக்கம் சுமந்து நிற்கும் வெகு சிலரில் அவர் ஒருவர். ஹோமர் இன்றும் பழைய ஹோமர்தான்.

சிரிப்புக்காக ஒரு குணத்தைப் பெருக்குவது எளிது. அந்தக் குணம் எங்கே உடையும் என்று தேடிப்போகும் எழுத்தாளரே பாத்திரத்தைக் காப்பாற்றுகிறார். ஃபிளாண்டர்ஸின் முப்பது வருடக் கதை எனக்குச் சொல்வது இதைத்தான். நீங்கள் பார்க்கும் தொடரில் பக்கத்து வீட்டுக்காரரோ தாய்மாமாவோ ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால், சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அவருக்கும் ஒரு கதை வேண்டும் என்று எங்களிடம் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் நாங்கள் எழுத முடியும்.