அனுமதி கேட்க வேண்டியவர் யார்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் செல்மா என்று ஒரு சிறு நகரம். 1960-களின் தொடக்கத்தில் அங்கே வாக்காளர் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறந்திருக்கும். வரிசையில் காத்திருந்து உள்ளே போகும் கறுப்பினத்தவரிடம் அரசியல் சாசனத்தைப் பற்றிக் கேள்விகள் கேட்பார்கள். பதில் சரியா, தவறா என்று சொல்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும் வெள்ளையின அதிகாரி. அவர் தலையசைக்காவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 15-ஆவது சட்டத்திருத்தம் 1870-லேயே சொல்லிவிட்டது. தென்மாநிலங்கள் இனம் என்ற சொல்லையே எடுக்காமல் காரியத்தைச் சாதித்தன. எழுத்தறிவுத் தேர்வும் தலைவரியும் போதுமானதாக இருந்தன. லூசியானாவில் 1896-ல் 1,30,334 ஆக இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1904-ல் 1,342 பேராகச் சுருங்கினார்கள்.

செல்மா அடங்கிய கவுண்டியின் மீது மத்திய அரசே 1961-ல் வழக்குப் போட்டது. நான்கு ஆண்டுகள் இழுத்தது. பாகுபாடு நடந்தது உண்மை என்று நீதிமன்றங்கள் இருமுறை சொல்லியும், வாக்காளர் பட்டியலில் 156 ஆக இருந்த கறுப்பினத்தவர் எண்ணிக்கை 383 ஆனது. அவ்வளவுதான். வயது வந்த கறுப்பினத்தவரோ சுமார் 15,000 பேர்.

1965 மார்ச் 7 அன்று செல்மாவின் பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். அதன் உயிர்நாடி 5-ஆவது பிரிவு. பழைய கணக்கு மோசமாக உள்ள இடங்கள் தேர்தல் விதி எதையும், ஒரு வாக்குச்சாவடியின் இடத்தைக்கூட, வாஷிங்டனின் முன் அனுமதியின்றி மாற்ற முடியாது. அநியாயம் நடந்தது என்று குடிமகன் நிரூபிக்க வேண்டியதில்லை. நடக்காது என்று அரசு நிரூபிக்க வேண்டும். மிசிசிப்பியில் 6.7 சதவீதமாக இருந்த கறுப்பினப் பதிவு 1967-ல் 59.8 சதவீதத்தைத் தொட்டது.

2006-ல் இந்தப் பிரிவை மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் மசோதா செனட்டில் 98-0 என நிறைவேறியது. ஆனால் 2013-ல், அதே அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில், எந்தெந்த இடங்களுக்கு அனுமதி தேவை என்று வகுத்த கணக்கு காலாவதியானது என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது. 5-ஆவது பிரிவு ஏட்டில் இருக்கிறது; அது செல்லுபடியாகும் ஊர்தான் இல்லை. நனையவில்லையே என்று கொட்டும் மழையில் குடையை வீசுவது போல என்று நீதிபதி கின்ஸ்பர்க் மாற்றுத் தீர்ப்பில் எழுதினார். அன்றைக்கே டெக்ஸாஸ், முன்பு அனுமதி மறுக்கப்பட்ட வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை அமலாக்கப் போவதாக அறிவித்தது.

இனி விதி முதலில் வரும், வழக்கு பிறகு வரும். தீர்ப்பு வருவதற்குள் ஒரு தேர்தலே முடிந்துபோகலாம். நான்கு ஆண்டுகள் நீதிமன்றப் படியேறி செல்மா கண்ட பலன் 227 பெயர்கள்.