சியோமாய்: என் முதல் ஈடு ஏன் ரப்பர் ஆச்சு?

துபாய்ல ஃபிளாட் ஷேர் பண்ணி இருந்தப்போ, பக்கத்து ரூம்ல ஒரு ஃபிலிப்பினோ அக்கா இருந்தாங்க. தகலாக் மொழியில அக்காவுக்கு ‘ஆத்தே’. நம்ம ஊர்ல பதறிப்போய் கத்துற அதே சத்தம்! கூப்பிடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

வேலை முடிஞ்சு அவங்க மணிலாவுக்கே திரும்புற வாரம். அவங்க ஊர் சியோமாயை நானே செஞ்சு தர்றேன்னு இறங்கிட்டேன். வெறும் சோறு கொடுத்தாலும் ‘மசாரப்’, அதாவது ருசியா இருக்குன்னு சொல்ற மனுஷி. அன்னைக்கு ஒண்ணை வாயில போட்டு மென்னுக்கிட்டே இருந்தாங்க. மசாரப் வரவே இல்ல.

சியோமாய்ங்கிறது சீனாவோட ஷாவ்மாய்தான். சீனாவிலிருந்து குடியேறினவங்களோட ஃபிலிப்பைன்ஸுக்கு வந்தது. 1594-ல் உருவான மணிலாவின் பினோண்டோதான் உலகத்துலயே பழைய சைனாடவுன்னு சொல்வாங்க. அவ்வளவு பழைய உறவு அது. இன்னைக்கு அங்கே மால்லயும் தெருமுனையிலும் நின்னுக்கிட்டே சாப்பிடுற சாதாரணத் தீனி.

நான் பண்ண தப்பு? ஆரோக்கியம்னு நினைச்சு கொழுப்பே இல்லாத கோழி நெஞ்சுக்கறி வாங்கினேன். அவங்க ஊர்ல பெரும்பாலும் கொழுப்போட அரைச்ச பன்றிக்கறிதான். வேகும்போது அந்தக் கொழுப்பு உருகித்தான் உள்ளே ஈரம் நிக்கும். கோழிதான் வேணும்னா தொடைக்கறியைத் தோலோட கொத்தச் சொல்லுங்க.

அரை கிலோ கறிக்கு ஒரு கேரட், ஒரு வெங்காயம், ரெண்டும் பொடியா நறுக்கினது. ஒரு முட்டை, ரெண்டு ஸ்பூன் சோள மாவு, ஒரு ஸ்பூன் சோயா சாஸ், கொஞ்சம் நல்லெண்ணெய், மிளகுத்தூள். சீனச் சமையல்ல போடுறது வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய், வாசனை தூக்கலா இருக்கும், கிடைச்சா அதுவே. உப்பு பார்க்கப் பச்சைக்கறியை நக்காதீங்க. ஒரு துளி எடுத்துத் தோசைக்கல்லுல சுட்டுப் பாருங்க. கலவை ஒட்டுற பதம் வர்ற வரைக்கும் ஒரே பக்கமா கிண்டணும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜ்.

கடையில வாண்டன் ஷீட்னு சதுரமா கிடைக்கும். நடுவுல ஒரு ஸ்பூன் வச்சு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சு அமுக்கினா குட்டிக் கிண்ணம் மாதிரி நிக்கும். மேலே மூட வேண்டாம். மீதி ஷீட்டை ஈரத்துணியால மூடி வைங்க, காய்ஞ்சா உடையும்.

இட்லிப் பானை போதும். தட்டுல எண்ணெய் தடவி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அடுக்கி, தண்ணி கொதிச்ச பிறகு 15–20 நிமிஷம்.

தொட்டுக்க சோயா சாஸ்ல கலமான்சி பிழியணும். அது அவங்க ஊர்க் குட்டி எலுமிச்சை. நம்ம எலுமிச்சையும் ஓகே. கூடவே பூண்டு மிளகாய் எண்ணெய். பூண்டு லேசா சிவந்ததுமே அடுப்பை அணைச்சிடுங்க, சூட்டுலயே மீதி சிவக்கும். விட்டா கசக்கும்.

மறுநாள் ரெண்டாவது ஈடு. ஆத்தே எட்டு சாப்பிட்டாங்க, வாய் நிறைய வச்சுக்கிட்டே ‘மசாரப்’. மீதியை என் டப்பாவுல போட்டு ஏர்போர்ட்டுக்கும் கொண்டுபோனாங்க. டப்பா இன்னும் திரும்பி வரல.