பூனை வாந்தி எடுக்குதா? முடி உருண்டைன்னு விட்டுடாதீங்க... எப்போ டாக்டர்கிட்ட ஓடணும்?

காலையில எழுந்து பார்த்தா ஹால்ல மஞ்சளா ஒரு வாந்தி. எதுவுமே நடக்காத மாதிரி பக்கத்துல உட்கார்ந்து மீசையை நக்கிக்கிட்டு இருக்கும் நம்ம பூனை. "முடியைத்தான் கக்கியிருக்கும்" என்று துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். பல நேரம் அது சரிதான். சில நேரம் அந்த ஒரு நாள் தாமதமே உயிருக்கு ஆபத்தாகிவிடுகிறது.

பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த சின்னச் சின்ன முட்கள் உண்டு. உடம்பை நக்கும்போது முடி அதில் சிக்கி உள்ளே போகும். பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும், மிச்சம் திரி மாதிரி உருண்டு வாய் வழியாக வரும். எப்போதாவது இப்படி வந்து, அதன்பிறகு வழக்கம்போல சாப்பிட்டு விளையாடினால் பயமில்லை. அடிக்கடி வாந்தி, எடை குறைவு என்றால் அது முடிப் பிரச்னை மட்டும் இல்லை.

அப்புறம் பால். பூனைன்னாலே பால்தான்னு நமக்குப் பழகிவிட்டது. ஆனால் குட்டிப் பருவம் தாண்டியதும் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும். வயிற்றுப்போக்கு இருந்தால் முதலில் பாலை நிறுத்திப் பாருங்கள். தண்ணீர் போதும்.

பூ கட்டின நூல்... உஷார்!

நம்ம வீடுகளில் அதிகம் கவனிக்காத ஆபத்து இதுதான். வாடிய மல்லிகைச் சரத்தைக் கழற்றி டேபிளில் போடுவோம். பூனைக்கு அது விளையாட்டுச் சாமான். நாக்கு முட்கள் காரணமாக ஒருமுறை வாய்க்குள் போன நூலைத் துப்புவது கஷ்டம், விழுங்கிவிடும். ஒரு முனை நாக்கின் அடியிலோ வயிற்றிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கும். சுருக்குப்பைக் கயிற்றை இழுத்த மாதிரி குடல் மடிந்து சுருங்கும். நூல் குடல் சுவரை அறுத்தும் விடலாம்.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீங்க. அப்படியே டாக்டரிடம் தூக்கிட்டுப் போங்க. பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படும்.

மலச்சிக்கலா, சிறுநீர் அடைப்பா?

மணல் டிரேயில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்குகிறதா? மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டு வைத்தியம் செய்பவர்கள் அதிகம். ஆண் பூனையாக இருந்தால் முதலில் சிறுநீர் வருகிறதா என்று பாருங்கள். சொட்டுக்கூட வரவில்லை, கத்துகிறது என்றால் சிறுநீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம். இரவானாலும் காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

ஒரே நாளில் பலமுறை வாந்தி, மலத்திலோ வாந்தியிலோ ரத்தம், மூலையில் போய் ஒளிந்துகொள்வது, 24 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது, இதில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். "வயிறு காலியா இருந்தா சரியாயிடும்" என்ற கணக்கு பூனைக்குச் செல்லாது. சில நாட்கள் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும்.

குட்டிகளுக்கு இன்னும் அவசரம். தடுப்பூசி போடாத குட்டி வாந்தி, பேதியோடு சோர்ந்து படுத்தால் பேன்லூகோபீனியா வைரஸ் தொற்றாக இருக்கலாம். சில மணி நேரத்திலேயே நீர்ச்சத்து வற்றிவிடும். இந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது, 6 முதல் 8 வார வயதில் தொடங்கலாம்.

நம்ம மாத்திரை டப்பா பக்கம் மட்டும் போகாதீங்க. பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே மாத்திரை கொன்றுவிடும்.

கிளம்பும் முன் வாந்தியையும் மலத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் போனது என்று டாக்டர் கேட்பார். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள், இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று இன்றே விசாரித்து நம்பரை சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.