மழைக்கோட் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!



நம்ம திருநெல்வேலிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை கொட்டும். என்னை மாதிரி கன்னடியன் கால்வாய்க் கரையில் நடந்து வருகிறவர்களுக்கு ஒதுங்க ஒரு கூரை கூடக் கிடையாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

போன கார்த்திகையில் அம்மா 120 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட் வாங்கினார்கள். அம்மா பீடி சுற்றுகிறார்கள். கட்டுகளை ஒயர்கூடையில் வைத்து, கோட்டுக்குள் அணைத்துப் பிடித்துக்கொண்டு பீடிக்கடைக்குப் போனார்கள். பாதி வழியில் அக்குள் பக்கம் கோட் டர்ரென்று கிழிந்துவிட்டது. நனைந்த பீடியைக் கடையில் கழித்துவிட்டார்கள். இரண்டு நாள் கூலி போச்சு. "கோட்டு விலை 120 இல்லட்டி, அதோட ரெண்டு நாள் கூலியையும் சேத்துக்கோ" என்று அம்மா சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. அதிலிருந்துதான் நல்ல கோட் எது என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

முன்னால் எப்படி?

எங்க ஆச்சி நடவுக்குப் போன காலத்தில் சாக்குதான் மழைக்கோட். சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்தால் கொங்காணி ரெடி. ஆனால் ஊறிப்போனால் கனம் தாங்காது, கழுத்து வலிக்கும் என்பார்கள்.

1823-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் மெக்கின்டாஷ் என்பவர் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி, நீர் புகாத துணிக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் இரண்டு குறை இருந்தது. வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. இன்னொன்று, தையல்காரர் ஊசி குத்திய ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியது. முதல் குறைக்கு 1839-ல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் வழி கண்டுபிடித்தார். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாகிவிடும். நம் நாட்டில் சுரேந்திர மோகன் போஸ் 1920-ல் வங்காளத்தில் மழைக்கோட் தயாரிக்கத் தொடங்கினார். 'டக்பேக்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஆனால் அந்த ஊசி ஓட்டைப் பிரச்சினை இன்னைக்கும் கடையில் தொங்குகிற பல கோட்டுகளில் இருக்கிறது!

கோட் போட்டும் ஏன் நனைகிறோம்?

சோற்றுப்பானை மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். கோட்டுக்குள்ளும் அதேதான். வேகமாக நடந்தால் வியர்க்கும். அந்த ஆவி வெளியே போக வழியில்லாமல் கோட்டின் குளிர்ந்த உள்பக்கத்தில் பட்டுத் தண்ணீராகிவிடும். நாம் 'கோட் ஒழுகுது' என்று நினைப்போம்.

ஆவியை மட்டும் வெளியே விடும் நுண்துளைத் துணிகளும் உண்டு. விலை மிக அதிகம். அதோடு, மழை நேரத்தில் நம் ஊர்க் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவி மெதுவாகத்தான் வெளியேறும். நமக்கு அக்குளில் சின்னத் துளைகளும், முதுகில் மடிப்புக்கு அடியில் காற்றுப் போக வலையும் உள்ள கோட்டே போதும்.

பார்த்து வாங்க வேண்டியவை:

1. தையல்: கோட்டை உள்பக்கம் புரட்டிப் பாருங்கள். தையலின் மேல் நாடா மாதிரி ஒரு பட்டை ஒட்டியிருக்க வேண்டும். தோள், அக்குள், தொப்பி மூன்று இடத்திலும் கட்டாயம் பார்க்கணும்.

2. துணி: மெல்லிய பிளாஸ்டிக் சீக்கிரம் கிழியும். உள்பக்கம் பூச்சு பூசிய நைலான் அல்லது பாலியெஸ்டர் நல்லது. கசக்கிப் பார்த்தால் பூச்சு உதிரக் கூடாது.

3. நீளம்: கோட்டில் வழிகிற தண்ணீர் அதன் ஓரத்தில்தான் சொட்டும். குட்டைக் கோட் என்றால் நேரே முழங்காலில் சொட்டும், பேண்ட் ஊறிவிடும். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இருந்தால் சரி. கணுக்கால் வரை இருந்தால் பஸ் ஏறும்போது மிதித்து விழுவோம்.

4. அளவு: பையை மாட்டிக்கொண்டு போட்டுப் பாருங்கள். பை முதுகில் இருந்தால் கோட் மேலே ஏறும். கையைத் தூக்கினால் மணிக்கட்டு ரொம்ப வெளியே தெரியக் கூடாது.

5. தொப்பி: தலையைத் திருப்பினால் தொப்பியும் கூடவே திரும்ப வேண்டும். இல்லையென்றால் ரோட்டைத் தாண்டும்போது வண்டி வருவது தெரியாது.

6. நிறம்: மஞ்சள், ஆரஞ்சு மாதிரி பளிச் நிறம் இருட்டு மழையிலும் டிரைவர் கண்ணுக்குத் தெரியும்.

நாங்கள் வாங்கிய கதை

எங்க வீட்டில் இரண்டு கோட்டுக்குப் பணம் இல்லை. காலையில் நான் பள்ளிக்கூடம் போட்டுட்டு வருவேன். நாலரைக்கு நான் திரும்பியதும் அம்மா அதே கோட்டைப் போட்டுக்கிட்டு பீடிக்கடைக்குப் போவார்கள். அதனால் துடைத்தவுடன் காய வேண்டும், இரண்டு பேருக்கும் பொருந்த வேண்டும்.

எனக்குப் பிடித்தது உள்ளே மெத்துனு துணி வைத்த ரோஸ் கலர் கோட். ஆனால் அந்தத் துணி ஒருமுறை நனைந்தால் சீக்கிரம் காயாது. கடைக்கார அண்ணாச்சியிடம் ஒரு நீலக் கோட்டைக் காட்டி, "அண்ணாச்சி, இதுல ஒரு தம்ளர் தண்ணி ஊத்திப் பாக்கலாமா?" என்று கேட்டேன். "ஏ பிள்ள, நான் இத்தனை வருசத்துல இப்படிக் கேட்டு யாரையும் பாக்கலியே!" என்று சிரித்தார். ஆனாலும் தண்ணீர் கொடுத்தார். தோள் தையலைக் குழி மாதிரி பிடித்து ஊற்றி, பத்து நிமிஷம் காத்திருந்தோம். அடியில் ஒரு சொட்டு இல்லை. 650 ரூபாய் கொடுத்து அதையே வாங்கினோம். அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழ் நான்கு விரல், எனக்கு ஒரு சாண். நிறம் மங்கல் என்பதால் சைக்கிள் கடையில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஸ்டிக்கர் வாங்கி முதுகில் ஒட்டியிருக்கிறேன்.

பாதுகாப்பது எப்படி?

ஈரத்தோடு மடித்து வைத்தால் நாற்றமடித்துக் கருப்புப் புள்ளி விழும். பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள். இஸ்திரி போடவே கூடாது. சைக்கிள் பஞ்சர் பசை ரப்பருக்குத்தான் பிடிக்கும், பிளாஸ்டிக் கோட்டில் சரியாக ஒட்டாது.

கடைசியாக ஒன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம்ம தாமிரபரணியும் கரை தாண்டி ஓடியது. அந்த மாதிரி நாளில் எந்தக் கோட்டும் காப்பாற்றாது. ஓடுகிற தண்ணீரில் நீளக் கோட் காலைச் சுற்றிக்கொள்ளும், ஆபத்து. அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். இடி மின்னலில் மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். மழை வருமுன் தையலைப் பார் என்கிறேன் நான். கடையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வெட்கப்பட வேண்டாம் தோழிகளே. காசு நம்முடையது!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி