நரிமணத்து எரிவாயுவும் பாயில் விதியும்

காவிரிப் படுகையின் எண்ணெய், எரிவாயு வயல்களை நிர்வகிக்கும் ஓ.என்.ஜி.சி. வளாகம் காரைக்காலின் நிரவியில் அமைந்திருக்க, அதே மாவட்டத்துத் திருமலைராயன்பட்டினத்தை அடுத்த போலகத்தில், நரிமணம் பகுதியிலிருந்து குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவைக் கொண்டு 32.5 மெகாவாட் மின்நிலையம் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. கிணற்றிலிருந்து மின்நிலையம் வரை கைமாறும் இந்த வாயுவை இத்தனை கனமீட்டர் என்று மட்டும் சொன்னால் அளவு முடிந்துவிடாது. நெல்லைப் போலன்றி வாயு தான் அடைபட்ட இடம் முழுவதையும் நிரப்பிக்கொள்வதால், எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில் அளக்கப்பட்டது என்பதும் உடன் வர வேண்டும். ஆகவே 15 பாகை செல்சியஸ், 1.01325 பார் என்னும் நிலைக்கு மாற்றிய 'நியம கனமீட்டர்' எரிவாயு வணிகத்தின் அலகாயிற்று.

இந்த மாற்றத்துக்கு அடிப்படையானவை இரண்டு பழைய விதிகள். வெப்பநிலை மாறாதபோது அழுத்தமும் கனஅளவும் எதிர்விகிதத்தில் அமையும் என்று இராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்டார். அழுத்தம் மாறாதபோது கனஅளவு வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் பெருகும் என்பதை 1802இல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் கே லுசாக், தமக்கு முன்பே அதைக் கண்டிருந்த சார்லசின் பெயரை நேர்மையுடன் குறிப்பிட்டார். இரண்டையும் இணைத்தால், அழுத்தத்தைக் கனஅளவால் பெருக்கித் தனி வெப்பநிலையால் வகுத்து வரும் ஈவு, குறிப்பிட்ட அளவு வாயுவுக்கு மாறாது என்றாகிறது. தனி வெப்பநிலை என்பது செல்சியஸ் அளவுடன் 273.15ஐக் கூட்டிப் பெறும் கெல்வின் அளவாகும்.

ஒரு குழாயில் அழுத்தமானி 20 பார் காட்ட, வாயு 35 பாகையில் ஒரு கனமீட்டர் இடத்தை அடைத்திருப்பதாகக் கொள்வோம். அழுத்தமானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே என்பதால், வளிமண்டலத்தின் பங்கையும் சேர்த்து 21.01 பார் என்றும், வெப்பநிலையை 308.15 கெல்வின் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். நியம நிலையின் 1.01325 பார், 288.15 கெல்வின் ஆகியவற்றோடு ஒப்பிட, அதே வாயு 19.4 நியம கனமீட்டராகிறது. அழுத்தமானியின் எண்ணை அப்படியே இட்டால் 18.5தான் கிடைக்கும், செல்சியஸ் எண்களைக் கெல்வினுக்கு மாற்றாமல் வகுத்துவிட்டாலோ விடை 8.9 ஆகச் சுருங்கி, பாதிக்கும் மேற்பட்ட வாயு கணக்கிலேயே காணாமற்போகும். பள்ளித் தேர்விலும் மாணவர்கள் இடறுவது பெரும்பாலும் இவ்விரண்டு இடங்களில்தான் என்பதால், சூத்திரத்தைவிட இவற்றையே அழுத்திக் கற்பிப்பது நல்லது.

இந்த விடையும் முழுமையானதன்று. மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பில்லை என்று கொள்ளும் நல்லியல்பு வாயுவுக்கே இவ்விதிகள் துல்லியமாகப் பொருந்தும். இயற்கை எரிவாயுவின் முதன்மைக் கூறான மெத்தேனின் மூலக்கூறுகள் 20 பார் அளவிலேயே ஒன்றையொன்று ஈர்த்து, விதி சொல்வதைவிடச் சற்றுக் குறைந்த இடத்தில் அடங்குகின்றன. இவ்விலகலைக் குறிக்கும் அமுக்கத்திறன் காரணி மேற்சொன்ன நிலையில் மெத்தேனுக்கு ஏறத்தாழ 0.97 ஆகும், அதனால் வகுத்தால் 19.4 என்பது 20 ஆக உயர்கிறது. நாள்தோறும் பல்லாயிரம் கனமீட்டர் விற்பனையாகும் இடத்தில் இந்த மூன்று விழுக்காடு பெருந்தொகையாகிவிடுவதால், குழாய்வழி அளவீட்டுக் கருவிகள் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் இடைவிடாது பதிந்து, இத்திருத்தத்தையும் சேர்த்தே கணக்கிடுகின்றன.