எத்தனை ஆண்டு தமிழ்? உயர்கல்வி வாயிலும் தோட்டப்பள்ளி மாணவரும்

ஒரு மொழியை எத்தனை ஆண்டு பயின்றால் உயர்கல்விக் கூடத்தின் வாயில் திறக்கும் என்னும் வினா, மேலைநாடுகளில் அயல்மொழியைப் பற்றி எழுவதாகும். கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரையிலுள்ள தோட்டங்களிலோ, இதே வினா தாய்மொழியாகிய தமிழைப் பற்றியே எழுகின்றது. ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளையின் பெற்றோர், ஆறு ஆண்டு தமிழ் படித்தாயிற்று, இடைநிலைப்பள்ளியில் இனி அது எதற்கு என்று கேட்பதுண்டு. வினா நேர்மையானது. அதற்கு உணர்ச்சியால் மட்டும் விடை கூறுதல் போதாது. கணக்காலும் விடை கூறுதல் வேண்டும்.

அயல்நாட்டு வாயில்கள்

அமெரிக்காவில் மாணவரைத் தெரிந்தெடுத்துச் சேர்க்கும் பெரிய கல்லூரிகள் மொழிப் படிப்புக்கு ஓர் அளவு வைத்துள்ளன. ஹார்வர்டு, பிரின்ஸ்டன் ஆகிய இரண்டும் உயர்நிலைப் பள்ளியில் ஓர் அயல்மொழியை 4 ஆண்டு பயின்று வருதல் நன்று எனப் பரிந்துரைக்கின்றன. கலிபோர்னியா மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஆங்கிலமல்லாத ஒரு மொழியை 2 ஆண்டேனும் பயின்றிருக்க வேண்டும் என விதித்து, 3 ஆண்டு பயிலுதல் சிறப்பு என்கின்றது. ஜெர்மனியில் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் அபிட்டூர் சான்றிதழுக்கு இரண்டாவது அயல்மொழி ஒன்றும் தேவை.

இவற்றில் உற்றுநோக்கத்தக்க செய்திகள் இரண்டு உள்ளன. முதலாவது, இக்கல்லூரிகள் ஒரே மொழியில் தொடர்ச்சியை விரும்புகின்றன. ஒரு மொழியில் ஓராண்டு, மற்றொன்றில் ஓராண்டு எனத் தொட்டுத் தொட்டு விடுவதை அவை பெரிதாக மதிப்பதில்லை. இரண்டாவது, அவை கேட்பது ஆண்டுக் கணக்கே எனினும் உண்மையில் அளப்பது நிலையை. கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 7, 8ஆம் வகுப்புகளில் பயின்ற மொழிப் பாடத்தை, அது உயர்நிலைப் பள்ளித் தரத்துக்கு ஒத்திருப்பின் ஏற்கின்றது. மேல்நிலைப் பாடத்தில் தேறியவர் அதன் கீழ்நிலைகளையும் கடந்தவராகவே கொள்ளப்படுவார். தொடக்கப்பள்ளியில் எத்தனை ஆண்டு படித்தார் என்பது அக்கணக்கில் முன்னிற்பதில்லை. பதின்மூன்று அகவைக்கு மேற்பட்ட மாணவர் அம்மொழியை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டு சென்றார் என்பதே கேள்வி.

நம் பிள்ளையின் கணக்கு

இனி நம் பிள்ளையின் கணக்கைப் பார்ப்போம். தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டு. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்க்கு இடையில் புகுமுக வகுப்பு ஓராண்டு. பின்னர் முதற் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரை 5 ஆண்டு. ஆகவே எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எழுதும் மாணவர் புகுமுக வகுப்பை நீக்கிப் பார்த்தாலும் 11 ஆண்டு தமிழ் பயின்றவராகின்றார். மேலைநாட்டு மாணவர் தமக்கு அயலான ஒரு மொழியைக் கல்லூரிக்காக 4 ஆண்டு கற்கையில், தோட்டத்துப் பிள்ளை ஆறே ஆண்டில் அதனை மிஞ்சிவிடுகின்றதே என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் பாதி உண்மை.

மறுபாதியை அறிய ஆண்டுகளை விடுத்து மணிகளைக் கணக்கிடல் வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அலுவலர்க்கு மொழி கற்பிக்கும் பள்ளியொன்றை நடத்துகின்றது. ஆங்கிலம் பேசுவோர் தொழிலுக்கு வேண்டிய அளவு தமிழ் கற்க ஏறத்தாழ 44 வாரம், 1,100 வகுப்பு மணி ஆகும் என்பது அதன் கணக்கு. தமிழ்ப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக இருப்பதோடு பிற பாடங்கள் பலவற்றுக்கும் பயிற்றுமொழியாக உள்ளது. வாரம் 15 மணி, ஆண்டுக்கு 40 வாரம் என்று குறைத்தே கொண்டாலும், 6 ஆண்டில் 3,600 மணி ஆகின்றது. இடைநிலைப்பள்ளியிலோ தமிழ் ஒரு பாடம் மட்டுமே. வாரம் 2 மணி எனக் கொண்டால் 5 ஆண்டில் 400 மணிதான்.

3,600 மணி கற்ற பின் 400 மணியை விட்டால் என்ன குறை என்று கேட்கலாம். குறை மணியில் இல்லை, அகவையில் உள்ளது. பன்னிரண்டு அகவையில் ஒரு பிள்ளை கற்பது பிள்ளையின் தமிழ். எழுத்தறிவு, சொல்வளம், எளிய செய்யுள், மொழியணி, ஒரு பக்கக் கட்டுரை ஆகியன அதற்குக் கைவரும். ஒரு கருத்தை நிறுவுதல், மறுத்தல், ஒரு பனுவலின் உட்பொருளை ஆய்ந்து கருத்துணர்தல், இலக்கணத்தின் காரணத்தை அறிதல், நாவலையும் நாடகத்தையும் கவிதையையும் திறனாய்தல் ஆகியவற்றுக்கு மனம் பழுக்கும் பருவம் பதின்மூன்று முதல் பதினேழு வரை ஆகும். அந்த 400 மணியும் முந்தைய 3,600 மணியின் மிச்சமாகா. கூரையில்லாத வீட்டுக்குச் சுவர் எத்துணை உயரமாயினும் அதில் குடியிருக்க இயலுமோ? அதுபோன்றதே ஆறாம் ஆண்டோடு நின்றுவிடும் தமிழ்.

சான்றிதழ் எங்கே?

இதனினும் கடுமையான செய்தி ஒன்று உண்டு. முன்னாளில் ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வும், மூன்றாம் படிவத்தில் பி.எம்.ஆர்., அதன்பின் பி.டி.3 தேர்வும் இருந்தன. அவற்றில் தமிழும் இடம்பெற்றது. யு.பி.எஸ்.ஆர். 2021இலும் பி.டி.3 2022இலும் நீக்கப்பட்டன. தேர்வுச் சுமை குறைந்தது நன்மையே எனலாம். எனினும் உயர்கல்வி வாயிலில் காட்டத்தக்க முதற் சான்றிதழ் எஸ்.பி.எம். ஒன்றே என்னும் நிலையை ஆசிரியரும் பெற்றோரும் மறத்தலாகாது. முதற் படிவத்தில் தமிழைக் கைவிடும் பிள்ளையின் ஆறாண்டு உழைப்புக்கு அந்த வாயிலில் எழுத்துச் சான்று இல்லை. படித்தது உண்மை, ஆனால் அதைக் காட்டத் தாள் இல்லை.

ஆசிரியர் பயிற்சியில் இதன் விளைவு நேரே தெரிகின்றது. ஆசிரியர் கல்விக் கழகத்தில் தமிழ்ப்பள்ளிக்குரிய பட்டப் பயிற்சிக்கு விண்ணப்பிப்போர் எஸ்.பி.எம். தமிழில் கிரெடிட் பெற்றிருத்தல் வேண்டும். பிற பாடங்களில் எத்தனை ஏ பெற்றிருப்பினும் தமிழ் இன்றேல் அவ்வாயில் திறவாது. அப்பயிற்சி, ஆயத்தப் படிப்பு ஓராண்டும் பட்டப் படிப்பு 4 ஆண்டுமாக அமைந்துள்ளது. ஆக, முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அகரம் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் உருவாக 6, 5, 1, 4 எனப் 16 ஆண்டு தொடர்ச்சி வேண்டும். இச்சங்கிலியில் மிக எளிதில் அறுந்துபோவது ஆறாம் ஆண்டுக்கும் முதற் படிவத்துக்கும் இடையிலுள்ள கண்ணி. இடைநிலைப்பள்ளியில் வகுப்பு இல்லையெனில் எஸ்.பி.எம். தமிழ் எழுதுவோர் குறைவர். எழுதுவோர் குறைந்தால் பயிற்சிக்கு வருவோர் குறைவர். அவர் குறைந்தால் நாளைய தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் இரார். நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம் இந்த ஒரு கண்ணியில் தொங்குகின்றது என்பது மிகையன்று.

வாயில் கேட்பதும் பள்ளி கற்பிப்பதும்

உயர்கல்வி வாயில் எதைக் கேட்கின்றதோ அதையே பள்ளி கற்பிக்கும் என்பதற்கு வரலாற்றில் சான்றுண்டு. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் தம்மிடம் சேரும் அனைவரும் இலத்தீன் அறிந்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் விதித்திருந்தன. 1960இல் அவ்விதியை நீக்கின. அதன்பின் இங்கிலாந்துப் பள்ளிகளில் இலத்தீன் பயில்வோர் தொகை சரியலாயிற்று. மொழியின் பெருமை அப்படியே இருந்தது. அதனைக் கேட்கும் வாயில் மூடியது.

தமிழுக்கு அத்தகைய வாயில் ஒன்றைத் திறக்க மலாயாத் தமிழர் பாடுபட்டனர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தோன்றியது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமெனத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். தமிழ் எங்கள் உயிர் என்னும் பெயரால் பொதுமக்களிடம் நிதியும் திரட்டப்பட்டது. தனிநாயக அடிகள் அத்துறையில் பணியாற்றிய காலத்தில், 1966இல், முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. வாயில் அவ்வாறு திறந்தது. அதனுள் நுழையும் மாணவரை அனுப்ப வேண்டிய பொறுப்பு அன்று முதல் பள்ளிகளையும் இல்லங்களையும் சார்ந்தது.

பாடங்களின் எண்ணிக்கை பற்றிய விதியும் இவ்வாறே வினைபுரியும். எஸ்.பி.எம். தேர்வில் ஒரு மாணவர் 10 பாடத்துக்கு மேல் எழுதலாகாது என்று 2009இல் அறிவிக்கப்பட்டபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் முதலில் கழிக்கப்படும் பாடங்களாகிவிடும் என்ற அச்சம் எழுந்தது. பொதுமக்கள் குரல் எழுப்பிய பின் 12 பாடம் வரை எழுத வழிவிடப்பட்டது. குரல் எழுப்பினால் பயன் உண்டு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

பதினைந்து பேர்

இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு அமைவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் தமிழ் பயிற்றுமொழியாக உள்ள அரசுப் பள்ளி தொடக்கநிலையோடு நின்றது. இடைநிலையில் தமிழ், மாணவர் தாய்மொழி என்னும் பாடமாகவே தொடர்ந்தது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் வேண்டினால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தரப்படல் வேண்டும்.

முன்னாளில், 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி அகவையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அன்று பத்துப் பிள்ளைகளும் ஒரே லயத்தில் இருந்தனர். இன்று தோட்டத்துக் குடும்பங்கள் பட்டணங்களுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் சிதறிவிட்டன. ஒரு தோட்டப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிப்போர் 24 பேர் என வைத்துக்கொள்வோம். அவர்கள் கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என மூன்று ஊர்ப் பள்ளிகளுக்குப் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 8 பேரே சேர்வர். நெல்வயலும் தோட்டமும் மாறி மாறிக் கிடக்கும் சுங்கை பஞ்சாங், சுங்கை பெசார் பக்கத்தில் அத்தொகை இன்னும் சிறுத்துப்போகும். எட்டுப் பேருக்கு வகுப்புக் கிடையாது என்று பெற்றோர் வாளாவிருந்துவிடுகின்றனர்.

இங்கேதான் சட்டத்தின் சொல்லைக் கூர்ந்து படித்தல் வேண்டும். அது 15 மாணவர் ஒரு வகுப்பில் இருக்க வேண்டும் என்று கூறவில்லை. ஒரு பள்ளியில் என்றே கூறுகின்றது. முதற் படிவத்தில் 8 பேர், மேற்படிவங்களில் 7 பேர் இருந்தால் எண்ணிக்கை நிறைவடைகின்றது. வெவ்வேறு தமிழ்ப்பள்ளிகளிலிருந்து வந்தோரும் இத்தொகையில் சேர்வர். ஆனால் வேண்டுகோள் விடுக்க வேண்டியவர் பெற்றோர். அவர் கேளாதிருந்தால் பள்ளி நிருவாகம் தானாக முன்வரும் என எதிர்பார்த்தல் பொருந்தாது.

செய்யத்தக்கன

ஆதலின் தமிழாசிரியர் செய்யத்தக்கன சில உள. ஆறாம் ஆண்டு முடியும் முன்னரே எப்பிள்ளை எந்த இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றது என்று ஒரு பட்டியல் எழுதல் வேண்டும். அண்டையிலுள்ள தமிழ்ப்பள்ளிகள் தம் பட்டியல்களை ஒப்பிட்டு, ஒவ்வோர் இடைநிலைப்பள்ளியிலும் கூடும் தொகையைக் காணுதல் வேண்டும். பெற்றோர் கையொப்பமிட்ட வேண்டுகோள் கடிதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே தலைமையாசிரியர் கையில் சேர்தல் நன்று. வகுப்பு அமையாத இடத்தில், தமிழை எஸ்.பி.எம். பாடமாகப் பதிந்துகொண்டு வெளியே பயின்று எழுதும் வழியும் உண்டு. அம்மாணவர்க்கு வார இறுதியில் கோயில் மண்டபத்திலோ பொது மண்டபத்திலோ இரண்டு மணி நேரம் கற்பிக்க ஓர் ஆசிரியர் முன்வந்தால் போதும்.

பெற்றோர்க்குக் கூறத்தக்கது ஒன்றே. மருத்துவம், பொறியியல் பயில விரும்பும் பிள்ளைக்குத் தமிழ் இடையூறு ஆகாது. வாரம் இரண்டு மணி நேரமே அது கேட்கின்றது. பல்கலைக்கழகம் செல்வோர்க்கு மலாய்மொழியில் கிரெடிட் இன்றியமையாதது, ஆங்கிலமும் வேண்டும். அவ்விரண்டையும் செவ்வனே கற்கும் பிள்ளை தமிழை விடுவதால் பெறும் ஊதியம் யாதுமில்லை. இழப்பதோ ஆறாண்டு முதல்.

எத்தனை ஆண்டு தமிழ் என்று கேட்கும் பெற்றோர்க்கு விடை 11 என்பதே. முதல் ஆறும் தமிழ்ப்பள்ளி தந்துவிட்டது. எஞ்சிய ஐந்தையும் பெற்றுத் தருவது பதினைந்து கையொப்பங்களாகும்.